போர்டெக் ஆய்வுகளும் கருப்பை உட்படலப் புற்றுநோயின் போக்கும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கருப்பையின் உட்படலத்தில் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே அறிகுறி காட்டிவிடும் நோய். மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கழித்து மீண்டும் இரத்தம் படும்போது பெண்கள் மருத்துவரை நாடுகிறார்கள். உட்படலத்திலிருந்து சிறிதளவு திசுவை எடுத்துப் பரிசோதித்தாலே நோய் தெரிந்துவிடுவதால், பெரும்பாலானோருக்கு அது கருப்பையைத் தாண்டுவதற்கு முன்பே பிடிபடுகிறது. அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேடுகளின் கணக்கில், பிற காரணங்களால் நேரும் இறப்புகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கருப்பைக்குள் அடங்கிய நிலையில் கண்டறியப்பட்டவர்களில் சுமார் 95 சதவீதத்தினர் ஐந்தாண்டுகளைக் கடக்கிறார்கள். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டறியப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவரே அவ்வாறு கடக்கிறார். உயிர்வாழ்வைத் தீர்மானிக்கும் காரணிகளில் நோயின் நிலையே முதலாவது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. இருந்தும் 2022ஆம் ஆண்டில் உலகில் சுமார் 4.2 லட்சம் பெண்களுக்குக் கருப்பை உடற்பகுதியில் புற்றுநோய் கண்டறியப்பட்டபோது, ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவானோர் அதே ஆண்டில் அந்நோயால் இறந்தார்கள். முதல் நிலை, அதாவது நோய் கருப்பைக்குள் அடங்கியது, என்று ஒரே பெயரில் எழுதப்படும் நோயாளிகளுள் யாருக்கு நோய் திரும்பும், திரும்பினால் எங்கே திரும்பும், அவர்களுள் யார் இறப்பார் என்ற கேள்வி நிலையை எழுதி முடித்த பிறகுதான் தொடங்குகிறது.

இக்கேள்விக்கு விடை தேடிய முயற்சிகளில், நெதர்லாந்தின் கதிர்வீச்சு சிகிச்சை மையங்கள் 1990 முதல் நடத்திவரும், அறுவைக்குப் பிந்தைய சிகிச்சை பற்றிய போர்டெக் ஆய்வுவரிசையை இக்கட்டுரை தன் நிகழ்வாக எடுத்துக்கொள்கிறது. காரின் க்ரோய்ட்ஸ்பெர்க் தலைமையில் நடந்த இவ்வரிசையின் பெருஞ்சிறப்பு, ஒவ்வோர் ஆய்விலும் எழுந்த ஐயமே அடுத்த ஆய்வின் கேள்வியானது என்பதும், முதல் ஆய்வுகளில் சேர்ந்த பெண்களின் திசுக்கட்டிகள் மெழுகில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்ததால் இருபது ஆண்டுகளுக்குப் பின் வந்த மூலக்கூறு அறிவைக் கொண்டு அதே பெண்களின் கதையை மீண்டும் படிக்க முடிந்தது என்பதுமாகும். இவ்வரிசையைத் தொடர்ந்து படிப்பவருக்கு ஒன்று தெளிவாகும்: வயது, கிரேடு (நுண்ணோக்கியில் தெரியும் கட்டியின் கொடுமையை 1 முதல் 3 வரை குறிக்கும் அளவு), கருப்பையின் தசைச்சுவருக்குள் கட்டி இறங்கிய ஊடுருவல் என்று காரணிகளை அடுக்கி வைத்துக்கொள்வது போதாது. ஒரு காரணி யோனியில் நோய் மீள்வதை முன்னறிவிக்கிறதா, இடுப்புக்குழியில் மீள்வதையா, நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவுவதையா, இறப்பையா என்று தனித்தனியே கேட்டால்தான் அக்காரணியால் சிகிச்சைக்குப் பயன் உண்டு.

1990க்கு முன்பு தெரிந்திருந்தவை

ஓஸ்லோவின் நார்வே ரேடியம் மருத்துவமனையில் 1968 முதல் 1974 வரை 540 பெண்களைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு, வரப்போவதை முன்பே சொல்லியிருந்தது. முதல் நிலை நோயாளிகள் அனைவருக்கும் அறுவைக்குப் பின் யோனிக்குள் கதிரியக்கப் பொருளை வைத்து அளிக்கும் பிராக்கிதெரபி தரப்பட்டது. அவர்களுள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பாதியினருக்கு மட்டும் இடுப்புக்குழி முழுவதற்கும் வெளிக்கதிர்வீச்சு சேர்க்கப்பட்டது. கூடுதல் கதிர்வீச்சு பெற்றவர்களில் யோனியிலும் இடுப்பிலும் நோய் மீண்டது 1.9 சதவீதம், பெறாதவர்களில் 6.9 சதவீதம். ஆனால் தொலைவில் பரவியது முறையே 9.9 சதவீதமும் 5.4 சதவீதமுமாக இருந்தது, மொத்த உயிர்வாழ்வில் வேறுபாடே இல்லை. கிரேடு 3 கட்டி தசைச்சுவரின் பாதியைத் தாண்டி இறங்கியிருந்த சிறு குழுவினருக்கு மட்டும் பயன் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

அமெரிக்காவில் 621 பெண்களின் அறுவை விவரங்களைத் தொகுத்து 1987இல் வெளிவந்த ஆய்வு இதற்கான காரணத்தின் ஒரு பகுதியைக் காட்டியது. பரிசோதனையில் நோய் கருப்பைக்குள் அடங்கியிருப்பதாகத் தோன்றிய பெண்களில் 9 சதவீதத்தினருக்கு இடுப்பு நிணநீர்க் கணுக்களில் நோய் ஏற்கெனவே இருந்தது. கிரேடு 3 கட்டி தசைச்சுவரின் வெளிப்புற மூன்றிலொரு பங்கு வரை சென்றிருந்தால் அந்த அளவு 34 சதவீதமாக உயர்ந்தது. வெளியிலிருந்து பரிசோதித்து நிலையைக் குறிப்பதைக் கைவிட்டு, அறுவையிலும் அகற்றிய உறுப்பைப் பரிசோதித்ததிலும் தெரிவதைக் கொண்டே நிலையை எழுத வேண்டும் என்று பன்னாட்டு மகப்பேறு மற்றும் மகளிர் நோய் மருத்துவக் கூட்டமைப்பு 1988இல் முடிவெடுத்ததற்கு இத்தகைய தரவுகளே அடிப்படை.

முதல் ஆய்வு: கதிர்வீச்சு தடுத்ததும் தடுக்காததும்

1990க்கும் 1997க்கும் இடையில் நெதர்லாந்தின் 19 மையங்களில் 715 பெண்கள் முதல் போர்டெக் ஆய்வில் சேர்ந்தார்கள். கிரேடு 1 ஆயின் தசைச்சுவரின் பாதி அல்லது அதற்கு மேல் இறங்கிய கட்டி, கிரேடு 2 ஆயின் எந்த ஆழமும், கிரேடு 3 ஆயின் பாதிக்குக் குறைவான ஆழம் ஆகியவை தகுதியாக வைக்கப்பட்டன. கருப்பையும் சூலகங்களும் கருக்குழாய்களும் அகற்றப்பட்டன. நிணநீர்க் கணுக்கள் வழக்கமாக அகற்றப்படவில்லை. பின்னர் ஒரு பாதியினருக்கு இடுப்புக்குழியில் 46 கிரே கதிர்வீச்சு தரப்பட்டது, மறு பாதியினருக்குக் கண்காணிப்பு மட்டுமே.

ஐந்தாண்டு முடிவுகள் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தன. யோனியிலோ இடுப்புக்குழியிலோ நோய் மீண்டது கதிர்வீச்சு பெற்றவர்களில் 4 சதவீதம், பெறாதவர்களில் 14 சதவீதம். நூறு பெண்களுக்குக் கதிர்வீச்சு அளித்தால் பத்துப் பேருக்கு மீள்வு தடுக்கப்படுகிறது என்ற அளவில் இது ஐயத்துக்கு இடமில்லாத வெற்றி. ஆனால் ஐந்தாண்டு மொத்த உயிர்வாழ்வோ கதிர்வீச்சு பெற்றவர்களில் 81 சதவீதமாகவும் பெறாதவர்களில் 85 சதவீதமாகவும் இருந்தது. புள்ளியியல் நோக்கில் இரண்டும் வேறுபட்டவை அல்ல. சிகிச்சையின் பக்கவிளைவுகள் 25 சதவீதத்தினருக்கும் 6 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டன.

மீள்வு இவ்வளவு குறைந்தும் ஆயுள் ஏன் கூடவில்லை என்பதற்குத் தரவுகளே விடை தந்தன. அந்த உள்ளூர் மீள்வுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு யோனியில் மட்டுமே தோன்றியவை. அதற்கு முன் கதிர்வீச்சே பெறாத பெண்ணுக்கு யோனியில் நோய் மீண்டால், அப்போது வெளிக்கதிர்வீச்சையும் பிராக்கிதெரபியையும் முழு அளவில் தர முடிகிறது. யோனியில் மீண்டவர்களில் 73 சதவீதத்தினர் அதன்பின் மூன்றாண்டுகள் உயிரோடு இருந்தார்கள். இடுப்புக்குழியில் மீண்டவர்களில் அந்த அளவு 8 சதவீதம், தொலைவில் பரவியவர்களில் 14 சதவீதம். ஆக, கதிர்வீச்சு பெரும்பாலும் தடுத்தது பின்னர் குணப்படுத்திவிடக்கூடிய மீள்வைத்தான். உயிரைப் பறித்த தொலைப்பரவலை இடுப்புக்குழிக்குத் தந்த கதிர்வீச்சால் தடுக்க இயலவில்லை, அது அதன் கைக்கு எட்டாத இடத்தில் நடந்தது. மற்றொரு காரணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆய்வில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்கள். பத்தாண்டு முடிவில் கருப்பைப் புற்றுநோயால் இறந்தவர்கள் இரு பிரிவிலும் 11 சதவீதமும் 9 சதவீதமும் மட்டுமே. மொத்த உயிர்வாழ்வு 66, 73 சதவீதம் என்றிருக்க, எஞ்சிய இறப்புகள் இதயநோய் போன்ற வேறு காரணங்களால் நேர்ந்தவை. உடற்பருமனும் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இந்நோயோடு அடிக்கடி சேர்ந்தே வருவதை நினைத்தால் இதில் வியப்பில்லை. கருப்பைப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்ணின் சர்க்கரை அளவும் இதயமும் அவருடைய ஆயுளைத் தீர்மானிக்கும் காரணிகளே என்பதைப் புற்றுநோய்ப் பிரிவுகளில் பணிபுரிவோர் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

முதல் ஆய்வின் விளைவாக மூன்று காரணிகள் தெளிவாக எழுந்து நின்றன: 60 அல்லது அதற்கு மேற்பட்ட வயது, கிரேடு 3, தசைச்சுவரின் பாதியை எட்டிய ஊடுருவல். இம்மூன்றில் குறைந்தது இரண்டு இருப்பவர்கள் உயர்-இடைநிலை ஆபத்துக் குழு எனப்பட்டனர். கதிர்வீச்சு இல்லாதபோது பத்தாண்டுகளில் அக்குழுவில் 23.1 சதவீதத்தினருக்கு உள்ளூரில் நோய் மீண்டது. கதிர்வீச்சு பெற்றபோது 4.6 சதவீதத்தினருக்கு. இந்த மூன்று காரணிகளும் உள்ளூர் மீள்வைக் கொண்டு வரையறுக்கப்பட்டவை. பின்வந்த ஆண்டுகளில் இவை ஆயுளையே முன்னறிவிக்கும் காரணிகளாகப் பல இடங்களில் கையாளப்பட்டது சரியான வாசிப்பன்று என்பது என் கருத்து.

ஆயுளைப் பற்றிய எச்சரிக்கை ஆய்வுக்கு வெளியே, அதன் ஓரத்தில் இருந்தது. கிரேடு 3 கட்டி பாதியைத் தாண்டி இறங்கிய பெண்களைக் குலுக்கலில் சேர்ப்பது பாதுகாப்பன்று என்று முடிவு செய்து, அவர்களுக்குக் கதிர்வீச்சு அளித்துத் தனியே பதிவு மட்டும் செய்துவந்தார்கள். நூறு பேர் அளவிலான அந்தச் சிறு குழுவில், ஐந்தாண்டுகளில் 31 சதவீதத்தினருக்குத் தொலைவில் நோய் பரவியது. உயிர்வாழ்வு 58 சதவீதம். கதிர்வீச்சு பெற்றும் இவ்வளவுதான். உள்ளூர் மீள்வு ஒரு கேள்வி, தொலைப்பரவல் வேறொரு கேள்வி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அன்று எங்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாம் ஆய்வு 2002க்கும் 2006க்கும் இடையில் 427 பெண்களைச் சேர்த்து, உயர்-இடைநிலைக் குழுவுக்கு வெளிக்கதிர்வீச்சு தேவையா, பிராக்கிதெரபி போதுமா என்று கேட்டது. மீள்வுகள் பெரும்பாலும் யோனியில் நேர்கின்றன என்றால் யோனிக்கு மட்டும் சிகிச்சை தந்தால் போதுமே என்பதே அதன் தர்க்கம். ஐந்தாண்டுகளில் யோனியில் மீண்டது பிராக்கிதெரபிப் பிரிவில் 1.8 சதவீதம், வெளிக்கதிர்வீச்சுப் பிரிவில் 1.6 சதவீதம், இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. வயிற்றுப்போக்கு முதலிய குடல் தொல்லைகள் சிகிச்சை முடிவில் வெளிக்கதிர்வீச்சுப் பிரிவில் 53.8 சதவீதத்தினருக்கும் பிராக்கிதெரபிப் பிரிவில் 12.6 சதவீதத்தினருக்கும் இருந்தன. முதல் ஆய்வின் பெண்களைப் பதினைந்து ஆண்டுகள் கழித்து விசாரித்தபோது, வெளிக்கதிர்வீச்சு பெற்றவர்கள் சிறுநீரையும் மலத்தையும் அடக்க முடியாமல் அன்றாட வேலைகளையே சுருக்கிக்கொள்ள நேர்ந்ததைச் சொன்னார்கள். அதைப் படித்தவர்களுக்கு இந்த மாற்றத்தின் மதிப்பு விளங்கும்.

கண்ணாடித் தகட்டில் தெரிந்தவை

இனி நோயியல் நிபுணரின் மேசைக்கு வருவோம். உயிர்வாழ்வு பற்றிய முன்கணிப்பு பெருமளவு அங்குதான் உருவாகிறது, அதில் பிழை நுழைவதும் அங்குதான். கட்டியில் சுரப்பிக் குழல்களாக அமையாமல் திண்மையாக வளர்ந்த பகுதி 5 சதவீதத்துக்குள் இருந்தால் கிரேடு 1, 50 சதவீதத்தைத் தாண்டினால் கிரேடு 3, இடைப்பட்டது கிரேடு 2. எழுத்தில் தெளிவாக இருக்கும் இந்த வரையறை கண்ணால் அளக்கப்படும்போது ஆளுக்கு ஆள் மாறுகிறது. முதல் போர்டெக் ஆய்வின் தகடுகளை ஒரே இடத்தில் வைத்து மறுபரிசீலனை செய்தபோது, கிரேடு 2 என்று எழுதப்பட்ட பல கட்டிகள் கிரேடு 1 ஆயின. மறுபரிசீலிக்கப்பட்ட பெண்களில் 24 சதவீதத்தினர், ஊடுருவல் குறைந்த கிரேடு 1 நோயாளிகளாதலால், ஆய்வில் சேரவே தகுதியற்றவர்களாக இருந்தார்கள். அவர்களுள் பாதிப் பேருக்குத் தேவையற்ற கதிர்வீச்சு தரப்பட்டிருந்தது. கிரேடு 1, 2 இரண்டையும் ஒன்றாக்கித் தாழ்ந்தது, உயர்ந்தது என்ற இரு பிரிவுகளோடு நிறுத்திக்கொள்ளும் இன்றைய வழக்கம் இத்தகைய அனுபவத்திலிருந்து வந்தது.

தகட்டில் தெரியும் காரணிகளுள் நான் மிக முக்கியமாகக் கருதுவது நாள ஊடுருவல், அதாவது கட்டியின் விளிம்புக்கு அப்பால் நிணநீர் நாளங்களிலோ இரத்த நாளங்களிலோ புற்றணுக்கூட்டங்கள் மிதந்து நிற்பது. அதை இனங்காண்பது எளிதன்று. ஃபார்மலினில் திசு சுருங்கும்போது புற்றணுக்கூட்டத்தைச் சுற்றி வெற்றிடம் விழுந்து, அது ஒரு நாளம்போலவே தோற்றமளிக்கும். மெல்லிய உட்சுவர் அணுக்கள் அந்த வெற்றிடத்தை வரிசையாகச் சூழ்ந்திருக்கின்றனவா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். உண்மையான ஊடுருவல் என்று உறுதியான பின்னும், ஓரிரு நாளங்களில் மட்டும் காணப்படுவதற்கும் கட்டியைச் சுற்றிப் பரவலாகப் பல நாளங்களில் காணப்படுவதற்கும் பெரும் வேறுபாடு உண்டு.

லைடன் பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்த ட்யாலிங் போஸ்ஸேயும் உடன் பணியாற்றியோரும் முதலிரண்டு போர்டெக் ஆய்வுகளின் தகடுகளை மீண்டும் பார்த்து, நாள ஊடுருவல் இல்லை, சிறிதளவு, கணிசமானது என்று மூன்றாகப் பிரித்து 2015இல் வெளியிட்டார்கள். கணிசமான ஊடுருவல் இருந்தவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவானோரே. ஆனால் இடுப்புக்குழியில் நோய் மீள்வதற்கும், தொலைவில் பரவுவதற்கும், இறப்புக்கும் அதுவே மற்றக் காரணிகளைச் சாராத வலிய முன்னறிவிப்பாக இருந்தது. அந்தச் சிறு குழுவில் வெளிக்கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு ஐந்தாண்டுகளில் இடுப்புக்குழியில் நோய் மீண்டது 4.3 சதவீதம், பிராக்கிதெரபி மட்டும் பெற்றவர்களுக்கு 27.1 சதவீதம், எதுவும் பெறாதவர்களுக்கு 30.7 சதவீதம். இரண்டாம் ஆய்வு பிராக்கிதெரபி போதும் என்று சொன்னது சரியே. அந்த விடைக்குள், அது போதாத ஒரு சிறு குழு கண்ணுக்குத் தெரியாமல் அடங்கியிருந்தது. இடுப்புக்குழியில் மீண்டவர்களில் மிகச் சிலரே பிழைக்கிறார்கள் என்பதை மேலே கண்டோம். ஆகவே இக்காரணி ஒருவரின் உயிரைத் தொடுகிறது. நோயியல் அறிக்கையில் நாள ஊடுருவல் உண்டு என்று மட்டும் எழுதி, எவ்வளவு என்று எழுதாமல் விடுவதை ஏற்க முடியாது. பன்னாட்டுக் கூட்டமைப்பு 2023இல் நிலைவகுப்பைத் திருத்தியபோது, கணிசமான நாள ஊடுருவலை இரண்டாம் நிலைக்கே உயர்த்தியது.

ஒரே கிரேடுக்குள் வெவ்வேறு நோய்கள்

லெனின்கிராடைச் சேர்ந்த போக்மன் 1983இல், ஈஸ்ட்ரோஜன் மிகுதியோடும் உடற்பருமனோடும் தொடர்புடைய, மெதுவாக நகரும் ஒரு வகையும், அவற்றோடு தொடர்பற்ற, வேகமாகப் பரவும் மற்றொரு வகையும் இருப்பதாகச் சொன்னார். முப்பது ஆண்டுகள் பாடநூல்களை ஆண்ட அந்த இருவகைப் பிரிவில் கிரேடு 3 உட்படலக் கட்டிகளை எதில் சேர்ப்பது என்பது தீராத சிக்கலாக இருந்தது. 2013இல் அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத்தொகுதி வரைபடத் திட்டம் 373 கட்டிகளை முழுமையாக ஆராய்ந்து, நான்கு குழுக்கள் இருப்பதைக் காட்டியபோதுதான் அச்சிக்கல் அவிழத் தொடங்கியது.

முதல் குழுவில் டி.என்.ஏ. நகலெடுக்கும் போல்-இ நொதியின் பிழைதிருத்தும் பகுதி பழுதாகியிருக்கும். பிழைகள் கட்டுக்கடங்காமல் குவிவதால் கட்டியணுக்கள் நோயெதிர்ப்பு அணுக்களின் கண்ணில் அந்நியமாகப் படுகின்றன. கட்டிக்குள் டி-அணுக்கள் அடர்ந்து நிற்பதைத் தகட்டிலேயே காணலாம். இரண்டாவதில் நகலெடுத்த பிறகு பிழையைச் சரிசெய்யும் எம்.எம்.ஆர். புரதங்களுள் ஒன்றிரண்டு இழக்கப்பட்டிருக்கும். இவர்களுள் ஒரு பகுதியினருக்கு லிஞ்ச் நோய்க்குறி என்னும் பரம்பரைப் பழுது இருக்கும் என்பதால், இந்த முடிவு அவருடைய மகள்களுக்கும் உடன்பிறந்தோருக்கும் கூட உரியது. மூன்றாவதில் பி53 மரபணு பிறழ்ந்து, நிறப்புரிகள் பெருமளவு சிதைந்திருக்கும். இவை எதுவும் இல்லாதது நான்காவது குழு. எம்.எம்.ஆர். குறைபாட்டையும் பி53 பிறழ்வையும் கண்டறிய மரபணு வரிசைப்படுத்தல் தேவையில்லை. சாதாரணத் தகட்டில் எதிர்ப்புரதச் சாயமேற்றினால் போதும். பி53 சாயத்தில், அம்மரபணு பிறழாத கட்டியின் உட்கருக்கள் சில அடர்த்தியாகவும் சில வெளிறியும் கலந்து நிற்கும். பிறழ்ந்த கட்டியில் ஏறத்தாழ எல்லா உட்கருக்களும் ஒரே சீராகக் கரும்பழுப்பாக இருக்கும், அல்லது பக்கத்திலுள்ள இயல்பான அணுக்கள் சாயமேற்றிருக்கக் கட்டி மட்டும் முற்றிலும் வெளுத்திருக்கும். இந்த இரண்டாவது தோற்றத்தைப் பி53 எதிர்மறை என்று எழுதிவிட்டு, அதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

முதலிரண்டு போர்டெக் ஆய்வுகளின் 834 கட்டிகளை இவ்வாறு பிரித்தபோது போல்-இ குழு 6 சதவீதம், எம்.எம்.ஆர். குறைபாடு 26, பி53 பிறழ்வு 9, நான்காவது குழு 59 சதவீதம். இவற்றோடு வைத்துப் படிக்க வேண்டியது அதே பெண்களின் போல்-இ பிறழ்வை மட்டும் ஆராய்ந்து 2015இல் வெளிவந்த முடிவு. கிரேடு 3 கட்டிகளில் போல்-இ பிறழ்வு இருந்த 15 பேரில் ஒருவருக்கும் நோய் மீளவில்லை. பிறழ்வு இல்லாத கிரேடு 3 கட்டிகளில் 30.9 சதவீதத்தினருக்கு மீண்டது. நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலவே கொடியவை. எல்லாக் காலத்திலும் கெட்ட முன்னறிவிப்பாக மதிக்கப்பட்டுவந்த கிரேடு 3, இக்குழுவில் தன் பொருளையே இழந்துவிடுகிறது.

மூன்றாம் ஆய்வும் அதன் மறுவாசிப்பும்

முதல் ஆய்வின் ஓரத்தில் பதிவான அந்த 31 சதவீதத் தொலைப்பரவலுக்கான பதிலாகவே மூன்றாம் போர்டெக் ஆய்வைப் பார்க்க வேண்டும். கதிர்வீச்சோடு கீமோதெரபியைச் சேர்த்தால் ஆயுள் கூடுமா என்று அறிய, 2006 முதல் 2013 வரை ஏழு நாடுகளில் உயர் ஆபத்துள்ள பெண்கள் சேர்க்கப்பட்டு, 660 பேரின் தரவுகள் ஆராயப்பட்டன. 2019இல் வெளிவந்த நீடித்த கணக்கில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு கீமோதெரபியும் சேர்த்துப் பெற்றவர்களில் 81.4 சதவீதமாகவும், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 76.1 சதவீதமாகவும் இருந்தது. ஐந்து சதவீதம் என்ற இந்த வேறுபாட்டுக்கு, சிகிச்சைக் காலத்தில் கடுமையான பக்கவிளைவுகள் 12 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்ந்தது விலை. மூன்றாம் நிலையினருக்கும் வேகமாகப் பரவும் சீரஸ் வகைக் கட்டி உடையவர்களுக்கும் பயன் அதிகம்: சீரஸ் வகையில் உயிர்வாழ்வு 52.8 சதவீதத்திலிருந்து 71.4 சதவீதமாக உயர்ந்தது.

இந்தச் சராசரிக்குள் ஒளிந்திருந்ததை 2020இல் அலிசியா லியோன்-காஸ்டிலோ முதலானோர் வெளியிட்ட மூலக்கூறு மறுவாசிப்பு வெளிக்கொணர்ந்தது. வகைப்படுத்த முடிந்த 410 கட்டிகளில், ஐந்தாண்டுகள் நோய் மீளாமல் வாழ்ந்தவர்கள் போல்-இ குழுவில் 98 சதவீதம், பி53 குழுவில் 48 சதவீதம், எம்.எம்.ஆர். குறைபாட்டில் 72 சதவீதம், நான்காவது குழுவில் 74 சதவீதம். எல்லோரும் உயர் ஆபத்து என்ற ஒரே பெயரில், ஒரே விதிகளின்படி சேர்க்கப்பட்டவர்கள். சிகிச்சைவாரியாகப் பார்த்தால் வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. பி53 குழுவில் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 36 சதவீதத்தினரே மீள்வின்றி இருந்தார்கள். கீமோதெரபி சேர்ந்தபோது 59 சதவீதத்தினர். எம்.எம்.ஆர். குறைபாட்டில் கீமோதெரபியால் எந்தப் பயனும் தெரியவில்லை. கணக்கு 76, 68 சதவீதம் என்று எதிர்ப்பக்கமே சாய்ந்தது. போல்-இ குழுவில் 97, 100 சதவீதம்.

அந்த 36 சதவீதத்தைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல், தங்கள் கட்டியின் இயல்பை எவரும் அறியாத காலத்தில், போதாத சிகிச்சையோடு வீடு திரும்பியவர்கள். அதே ஆய்வில் போல்-இ பெண்கள் கீமோதெரபியின் துன்பங்களைத் தேவையின்றி அனுபவித்திருக்கக்கூடும். இவ்விரண்டையும் அறிய உதவியது அப்பெண்கள் விட்டுச்சென்ற திசுவே.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனமாகப் பேண வேண்டும். நோய் எவ்வாறு போகும் என்று சொல்லும் காரணி ஒன்று, எந்தச் சிகிச்சை பயனளிக்கும் என்று சொல்லும் காரணி மற்றொன்று. பி53 பிறழ்வு இரண்டையும் சொல்வதாகத் தோன்றுகிறது. கட்டி பரவிய பின் எம்.எம்.ஆர். குறைபாடும் அவ்வாறே ஆகிறது: 2023இல் வெளிவந்த ரூபி ஆய்வில், நோயெதிர்ப்பைத் தூண்டும் டோஸ்டார்லிமாப் மருந்தைக் கீமோதெரபியோடு சேர்த்தபோது, இக்குழுவினரில் இரண்டாண்டுகள் நோய் முற்றாமல் இருந்தவர்கள் 15.7 சதவீதத்திலிருந்து 61.4 சதவீதமானார்கள். நிணநீர்க் கணு நோய் இதற்கு மாறானது. கணுவில் நோய் இருப்பது உயிர்வாழ்வைக் குறைக்கும் வலிய காரணி. ஆயினும் 1,408 பெண்களைக் கொண்ட ஆஸ்டெக் ஆய்விலும் 514 பெண்களைக் கொண்ட இத்தாலிய ஆய்விலும், தொடக்க நிலையில் இடுப்புக் கணுக்களை முழுவதுமாக அகற்றியதால் ஆயுள் கூடவில்லை. கணு செய்தி சொல்கிறது; அதை வெட்டியெடுப்பது தனியே மருந்தாகவில்லை. முழு அகற்றலுக்குப் பதிலாக, கட்டியிலிருந்து நிணநீர் முதலில் சென்றடையும் முதற்கணுவை மட்டும் எடுத்துப் பார்க்கும் முறை இன்று பரவிவருவதன் நியாயம் இதுதான்.

எல்லைகளும் எஞ்சிய கேள்விகளும்

இம்முடிவுகளுக்கு எல்லைகள் உண்டு. முதலிரண்டு ஆய்வுகளிலும் கணுக்கள் வழக்கமாக அகற்றப்படாததால், முதல் நிலை எனப்பட்டவர்களுள் கணுக்களில் நோய் மறைந்திருந்த மூன்றாம் நிலையினர் சிலர் இருந்திருப்பார்கள். மூலக்கூறுப் பகுப்பாய்வுகள் எல்லாம் ஆய்வு முடிந்த பின் செய்யப்பட்டவை. குழுக்களாகப் பிரிக்கப் பிரிக்க எண்ணிக்கை சிறுத்து, தற்செயலுக்கு இடம் பெருகுகிறது. பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் இந்நோயால் இறக்கும் வீதம் வெள்ளையரைவிட ஏறத்தாழ இரு மடங்கு; கொடிய வகைக் கட்டிகள் அவர்களிடம் மிகுதி என்பதோடு, நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சை கிடைப்பதிலும் நேரும் தாமதமும் இதற்குக் காரணம். மருத்துவமனையை எப்போது, எவ்வளவு எளிதில் அடைய முடிகிறது என்பது கண்ணாடித் தகட்டில் தெரியாத ஒரு முன்கணிப்புக் காரணி, அதை இந்த ஆய்வுவரிசையால் அளக்க முடியாது.

2023ஆம் ஆண்டு நிலைவகுப்பு, முதல் இரண்டு நிலைகளில் போல்-இ பிறழ்வு இருந்தால் நிலையைத் தாழ்த்தவும், தசைச்சுவரைத் தொட்ட கட்டியில் பி53 பிறழ்வு இருந்தால் இரண்டாம் நிலைக்கு உயர்த்தவும் வழிசெய்தது. நிலை என்பது நோய் பரவிய தூரத்தை மட்டுமே குறிக்க வேண்டும், கட்டியின் இயல்பை அதோடு கலந்தால் பழைய தரவுகளோடு ஒப்பிட முடியாமற்போகும் என்ற எதிர்ப்பு அப்போது எழுந்தது. அதில் நியாயம் இருந்தாலும், கட்டியின் இயல்பை எழுதாத நிலைக்குறிப்பால் நோயாளிக்குக் கிடைக்கும் தகவல் மிகக் குறைவு என்றே நினைக்கிறேன்.

2016இல் தொடங்கிய நான்காம் போர்டெக் ஆய்வு, உயர்-இடைநிலைக் குழுவினரில் மூலக்கூறு அடையாளத்தைக் கொண்டே சிலருக்குச் சிகிச்சையின்மை, சிலருக்குப் பிராக்கிதெரபி, சிலருக்கு வெளிக்கதிர்வீச்சு என்று முன்கூட்டியே முடிவெடுக்கும் முறையைப் பரிசோதித்தது. அதைத் தொடர்ந்து உருவான ரெயின்போ திட்டம் நான்கு குழுக்களுக்கும் தனித்தனி ஆய்வுகளைக் கொண்டது: பி53 குழுவில் டி.என்.ஏ. பழுதுநீக்கத்தைத் தடுக்கும் ஓலாபரிப் மருந்து, எம்.எம்.ஆர். குறைபாட்டில் நோயெதிர்ப்பைத் தூண்டும் டுர்வாலுமாப் மருந்து, போல்-இ குழுவில் சிகிச்சையைக் குறைத்தல், நான்காவது குழுவில் கதிர்வீச்சோடு புரோஜெஸ்டோஜன் என்னும் ஹார்மோன் சிகிச்சை. இவற்றுள் நான்காவது குழுவின் விடைக்காகவே நான் அதிகம் காத்திருக்கிறேன். தொடக்க நிலை நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் அதில் அடங்குகிறார்கள். மற்ற மூன்று அடையாளங்களும் இல்லாததால் ஒன்றாக வைக்கப்பட்டவர்களே தவிர, ஒரே நோயை உடையவர்கள் அல்லர். அவர்களுள் தாழ்ந்த கிரேடும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் உள்ள கட்டிகள் பொதுவாக நன்றாகவே போகின்றன, ஏற்பியை இழந்தவையும் உயர்ந்த கிரேடு உடையவையும் பி53 குழுவை நெருங்கும் அளவுக்கு மோசமாகப் போகின்றன. இக்குழுவைப் பிரித்தறியும் மேலும் நம்பகமான அடையாளம் கிடைக்கும்வரை, இக்குழுவிலுள்ள ஒரு பெண்ணின் போக்கைக் கணிக்க மருத்துவர் கையில் இருப்பவை நோயின் நிலை, கிரேடு, நாள ஊடுருவலின் அளவு, ஈஸ்ட்ரோஜன் ஏற்பிச் சாயம் ஆகியவையே.